வலைத்தளத்தில் பாஞ்சாலை

சென்னை,
15.6.2008

அன்புள்ள அக்காவுக்கு கோகுல் எழுதிக்கொண்டது.

போனில் சொன்னால் தலை சுற்றுகிறது, எழுதி அனுப்பினால் நாலு தடவை படித்துப் புரிந்துகொள்வேன் என்றாய். போன தடவை டைப் அடித்து அனுப்பியதற்கு, "தம்பி கடுதாசியா, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸா?" என்று கேட்டாய். அதனால் கையாலேயே எழுதுகிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

அப்பா வைத்த 'பானு செராமிக்ஸ்' என்ற பெயர் இருக்க, வலைத்தளத்துக்கு 'பாஞ்சாலை பொம்மைகள்' என்று ஏன் வைத்தாய் என்பதுதானே உன் கோபம்? யோசித்துப் பார். விருத்தாசலத்தில் பொம்மை செய்கிற எல்லோருக்கும் ஒரே மண், ஏறக்குறைய ஒரே அச்சு. சுடுவதும் ஒரே பொதுச் சூளையில். வெளியே எடுக்கும்போது யாருடையது எது என்று தெரிவதற்காக அடியில் ஆளுக்கொரு நிறத்தில் புள்ளி வைக்கிறோம். நம்முடையது நீலம். கடைக்குப் போன பிறகு அந்தப் புள்ளியை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? பெங்களூரில் இருப்பவருக்கு நம் பிள்ளையாரும் அடுத்த ஷெட் பிள்ளையாரும் ஒன்றுதான். ஆனால் நம் ஷெட் பாஞ்சாலை ஒருத்திதான் இருக்கிறாள்.

பொங்கலுக்கு வந்தபோது ஆபீஸ் கேமராவில் எடுத்தேனே, பொம்மைக்குக் கண் எழுதுகிறபோது நாக்கு நுனியை ஓரமாகக் கடித்துக்கொண்டு, முழங்கை வரை மண் காய்ந்து வெளுத்துப் போய் உட்கார்ந்திருப்பாளே, அந்தப் படம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்கு முன் கூகுளில் தேடி நம் தளத்துக்கு வந்தவர்கள் விலையைப் பார்த்துவிட்டு ஓடினார்கள். இப்போது நின்று படிக்கிறார்கள். பொருளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை அக்கா, முகத்தைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். பிராண்டு என்பது அவ்வளவுதான்.

மாதா மாதம் வாடிக்கையாளர்களுக்கு பாஞ்சாலை எழுதுவதுபோல ஒரு மின்மடல் போகிறது. நான்தான் எழுதுகிறேன். அவள் பேச்சு எனக்கு மனப்பாடம். போன மாதம் சரக்கு தாமதமானபோது, 'எனக்குக் கொஞ்சம் சளி, இருமல். பொம்மை வர லேட்டாகும், கோவிச்சுக்காதீங்க' என்று எழுதினேன். ஒருவர்கூட ஆர்டரை ரத்து செய்யவில்லை. துளசி போடு, சித்தரத்தை போடு என்று பதில்கள் குவிந்துவிட்டன. அச்செடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், அவளிடம் படித்துக் காட்டு. குறையை மறைக்காமல் சொன்னால் ஜனங்கள் நெருங்கி வருவார்கள் என்பது இதில் நான் கற்ற பாடம்.

ஒரு எரிச்சலான செய்தியும் உண்டு. வடக்கே ஒரு பொம்மை வியாபாரி அவள் படத்தைத் திருடித் தன் தளத்தில் போட்டிருக்கிறான். எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். காப்பி அடிக்கிறார்கள் என்றால் வளர்ந்துவிட்டோம் என்று அர்த்தமாம், என் மேனேஜர் சொல்கிறார்.

பாஞ்சாலையின் இருமல் எப்படி இருக்கிறது? அடுத்த மடலுக்குத் தேவை.

உன் தம்பி,
கோகுலகிருஷ்ணன்


விருத்தாசலம்,
28.6.2008

அன்புள்ள கோகுலுக்கு அக்கா எழுதுவது.

நாலு தடவை படித்தேன். முகம், ஞாபகம் எல்லாம் புரிகிறது. கடைசி வரிதான் தொண்டையில் நிற்கிறது. இருமல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

பாஞ்சாலையைப் பாண்டி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சளி இல்லையாம். என்ன வேலை செய்கிறாள் என்று டாக்டர் கேட்டார். பீங்கான் மண் அரைக்கிற இடத்தில் இத்தனை வருஷம் என்றதும் எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு பூராவும் மண் தூசு படிந்திருக்கிறது என்றார். ஷெட்டில் மூக்கில் துணி கட்டச் சொல்லி அவளிடம் மல்லுக்கு நின்றிருக்க வேண்டியது நான்தான்.

நீ அனுப்பிய பதில்களைப் படித்துக் காட்டினேன். சிரித்தாள், சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "யாருக்கா இவங்கல்லாம்? நான் இவங்களுக்கு ஒண்ணுமே எழுதலியே?" என்றாள். உன் பேரில் தம்பிதான் எழுதுகிறான் என்றேன். "நல்லா எழுதுனா சரி. சித்தரத்தைய எல்லாம் எப்பவோ பாத்தாச்சுன்னு சொல்லச் சொல்லுக்கா" என்றாள்.

தளத்தில் படம் போட்ட புதிதில் எல்லோரும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? படம் வந்ததும் பாஞ்சாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சே, நாக்கக் கடிச்சிக்கிட்டு இருக்கறப்பவா எடுப்பாங்க?" என்று உன்னைத் திட்டினாள். அவள் புருஷன் தர்மராஜ் அண்ணன், சூளையில் சரக்கு அடுக்குகிற மனுஷன், அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது எத்தினி நாளைக்கு இருக்கும்?" கடைக்காரர், "கரண்டு இருக்கற வரைக்கும் இருக்கும்ணே" என்றார். இப்போதைய மின்வெட்டில் அது எத்தனை நாள் என்று நம் ஷெட்டில் வேலை செய்கிற பூவாயி கேலி செய்தாள்.

இனிமேல் சளி என்று எழுதாதே. ஒன்றுமே எழுதாதே.

அக்கா,
பானுமதி


விருத்தாசலம்,
24.9.2008

கோகுலுக்கு,

நான் போனை எடுப்பதில்லை என்று பூவாயியிடம் வருத்தப்பட்டாயாம். எடுக்கமாட்டேன். போனில் நீ பேசியே ஜெயித்துவிடுவாய். கடிதத்தில் நான் சொல்வதை முழுக்கக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

பாஞ்சாலை சாவுக்கு வந்தாய். சுடுகாடு வரைக்கும் போனாய். தர்மராஜ் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நீ நின்றதைப் பார்த்து, என் தம்பி மாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முந்தாநாள் அவளுக்குக் கருமாதி. சாப்பாட்டுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. தளத்தில் நீ போட்டிருக்கிற நம்பர். கோயமுத்தூரிலிருந்து ஒரு அம்மா பேசினார். "பாஞ்சாலை நவராத்திரி வாழ்த்து அனுப்பியிருந்தாங்க, படிச்சதும் மனசு நெறஞ்சு போச்சு. ஒரு நிமிஷம் அவங்ககிட்ட குடுங்களேன், நன்றி சொல்லிக்கறேன்" என்றார்.

பக்கத்தில் தர்மராஜ் அண்ணன் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். சத்தமாகப் பேசுகிற அம்மா. அவர் காதில் விழுந்துவிட்டது. நான் என்ன சொல்வேன்? "வெளியே போயிருக்கா" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. அந்தப் பொய்யை நீதான் என் வாயில் வைத்தாய்.

படையல் போட்ட இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, செத்தவள் ஊருக்கெல்லாம் வாழ்த்துச் சொல்கிறாள். எவ்வளவு துணிச்சல் உனக்கு!

பானுமதி


சென்னை,
2.10.2008

அக்கா,

துணிச்சல் இல்லை, மறதி. ஆடி மாதமே கொலு சீசனுக்கான மடல்களை எழுதி, இந்தத் தேதியில் இது போகட்டும் என்று கம்ப்யூட்டரில் குறித்து வைத்துவிட்டேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். அது தானாகப் போய்விட்டது. சுடுகாட்டில் நின்றவனுக்கு அது ஞாபகம் வரவில்லை. இதற்கு நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை நீயும் கேட்டுக்கொள். அந்த வாழ்த்துக்கு வந்த ஆர்டரில்தான் பூவாயியும் மற்றவர்களும் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவள் இறந்துவிட்டாள் என்று இன்றைக்கு எழுதினால் எல்லோரும் ஒரு நாள் அழுவார்கள். மறு மாதம் வேறு தளத்தில் வாங்குவார்கள். நீ பொம்மையை விட்டுவிட்டு, மற்றவர்களைப் போல கரண்ட் ஃபியூஸ் கேரியர் வார்க்கிற அச்சு வாங்கவேண்டியதுதான்.

பாஞ்சாலை இனிமேல் ஒரு ஆள் இல்லை அக்கா, ஒரு பெயர். நிறுவியவர் போன பிறகும் அவர் படத்தைப் போட்டு ஊறுகாய் விற்கிறார்கள், பல்பொடி விற்கிறார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. மக்கள் நம்பிக்கை வைத்த ஒரு முகத்தை நாமே அழிப்பதுதான் இதில் பெரிய தப்பு. கண் எழுதப் பூவாயி பழகிக்கொள்ளட்டும். மடலை நான் பார்த்துக்கொள்கிறேன். படம் அப்படியே இருக்கட்டும்.

அந்த வடக்கத்திக்காரனுக்கும் வக்கீல் மூலம் நோட்டீஸ் விட்டிருக்கிறேன். அவளை யாரும் திருடிக்கொண்டு போக விடமாட்டேன்.

கோகுல்


விருத்தாசலம்,
12.10.2008

கோகுலுக்கு,

ஊறுகாய்க்காரர் தன் படத்தைத் தானே போட்டுக்கொண்டார். இவள் உன்னைப் போடச் சொன்னாளா? போடாதே என்றுதான் திட்டினாள்.

அந்தப் படத்தின் கதையைக் கேள். பாஞ்சாலை உயிரோடு இருந்தவரை ஸ்டுடியோ பக்கம் போனதே இல்லை. காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று, பிரவுசிங் சென்டரில் உன் தளத்திலிருந்து எடுத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனோம். பெரிசு பண்ணினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிட்டது. தளத்துக்கு ஏற்ற மாதிரி நீ சின்னதாக்கித்தான் போட்டிருக்கிறாயாம். உன்னிடம் பெரிய படம் கேட்டதற்கு, கேமரா ஆபீஸுடையது, அதில் எப்போதோ அழித்துவிட்டார்கள் என்றாய். கடைசியில் வாக்காளர் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து ஃபிரேம் போட்டோம். கண் பாதி மூடியிருக்கிறது. யாரோ பொம்பளை மாதிரி இருக்கிறாள். சொந்த வீட்டுச் சுவரில் யாரோ, ஊரான் கம்ப்யூட்டரில் பாஞ்சாலை. இது நியாயமா?

தர்மராஜ் அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. சூளைக்குப் போகிறார், வருகிறார். வடக்கே எவனோ எடுத்தால் திருட்டு என்கிறாய். நீ எடுத்ததற்குப் பெயர் என்ன? அவள் புருஷனைக் கேட்டாயா?

அவருக்காக நான் கேட்கிறேன். படத்தை எடுத்துவிடு. தளமே வேண்டாம். ஷெட் என்னவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். எடுக்கும் வரைக்கும் எனக்குத் தம்பி இல்லை.

பானுமதி


சென்னை,
3.11.2008

அக்காவுக்கு,

எடுத்துவிட்டேன். படம், மடல்கள், வாடிக்கையாளர் முகவரிகள் எல்லாம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அரைகுறையாகச் செய்தான் என்று நீ சொல்லக் கூடாது. முழுக்க அழித்தேன்.

அதே வாரம் எங்கள் கம்பெனியில் ஆட்களைக் குறைத்தார்கள். அமெரிக்காவில் பேங்க் மூழ்கியதற்கு இங்கே என் நாற்காலி போய்விட்டது. கம்ப்யூட்டரை அன்றைக்கே துடைத்து வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பத்து மாதம் ஒரு பெயரை வளர்த்தேன். அழிக்க ஒரு பட்டன் போதுமாக இருந்தது. இதையும் பாடமாக எழுதிக்கொள்.

இப்போது உனக்குத் தம்பி இருக்கிறானா?

கோகுல்


விருத்தாசலம்,
2.12.2008

அன்புள்ள கோகுலுக்கு,

இருக்கிறான். வேலை போனதை போனிலாவது சொல்லியிருக்கலாமே என்று எழுத வந்தேன். நான்தான் போனை எடுப்பதில்லை. இன்றிலிருந்து எடுக்கிறேன்.

ஒரு பெரிய தப்பு நடந்துபோய்விட்டது. மழை விட்டதும் நேற்று தர்மராஜ் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். நனைந்த சட்டையோடு வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றதற்கு வரவில்லை.

"பானும்மா, பாஞ்சாலய எங்க அனுப்பிட்டீங்க?" என்றார்.

அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுதான் முதலில் பயந்தேன். அப்புறம்தான் சொன்னார். அவள் போன பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த பிரவுசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் தளத்தைத் திறந்து கொடுத்துவிடுவாராம். இவர் எதையும் தொடமாட்டார். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்துவிடுவார்.

"ஒரு மாசமா கடைக்காரரும் தட்டித் தட்டிப் பாக்குறாரு, வெள்ளையா வருது. மழைக்கு லைன் போயிருக்கும், அடுத்த வாரம் வாங்கன்னாரு. நேத்துதான் சொல்றாரு, ஓனரே எடுத்துட்டாங்கண்ணேன்னு. நான் எதுனா தப்பு பண்ணிட்டனாம்மா?"

உங்களுக்குக் கஷ்டமாக இருக்குமே என்றுதான் எடுக்கச் சொன்னேன் என்றேன். "வூட்ல மாட்டியிருக்கற படத்துல அவ செத்தவ மாரி இருக்குறா. அங்க வேல செஞ்சிக்கிட்டு இல்ல இருந்தா?" என்றார்.

அவரைக் கேட்டாயா என்று உன்னிடம் எகிறினேனே, நானும் கேட்கவில்லை. மனுஷன் பேசாமல் இருந்தால் அது கோபம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். காரியத்துக்கு ஸ்டுடியோவில் கொடுத்த காப்பியையும் அங்கே அழித்துவிட்டார்களாம். எப்படியாவது திரும்பப் போட்டுவிடு தம்பி. பொம்மை வேண்டாம், விலை வேண்டாம். அந்தப் படம் மட்டும் இருந்தால் போதும்.

அக்கா


சென்னை,
14.12.2008

அன்புள்ள அக்காவுக்கு,

என்னிடம் இல்லை. தெரிந்தவர்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் தேடிவிட்டேன். வாடிக்கையாளர்களின் பழைய மடல்களிலாவது இருக்கும் என்று, பெயர் ஞாபகம் இருந்த ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். மடலில் தெரிந்த படமும் நம் தளத்திலிருந்து வந்ததுதான். தளம் போனதும் அங்கேயும் வெறும் கட்டம்தான் இருக்கிறது.

ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அந்த வடக்கத்தி வியாபாரியின் தளத்தில். என் நோட்டீஸுக்குப் பயந்து இந்த வாரத்துக்குள் எடுத்துவிடுகிறோம் என்று அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு நோட்டீஸ் வேலை செய்தது, அதுவும் இந்த நோட்டீஸ். ஓடிப்போய்க் காப்பி எடுத்தேன். மறுநாள் பார்த்தால் எடுத்துவிட்டிருந்தார்கள்.

அச்சுப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அளவுதான் வரும். அதற்கு மேல் போனால் உடைகிறது. முகம் தெளிவாக இருக்கிறது. ஆனால் வேறு யாரும் தங்களிடமிருந்து திருடக் கூடாது என்று, திருடியவர்கள் தங்கள் கம்பெனிப் பெயரைப் படத்தின் குறுக்கே போட்டிருக்கிறார்கள். தோளிலிருந்து மடியிலிருக்கும் பொம்மை வரைக்கும், ஆங்கிலத்தில், பெரிதாக. எவ்வளவோ முயன்றேன். பெயரை அழித்தால் கையும் தூரிகையும் சேர்ந்து அழிகிறது.

யாருடைய பெயரோ போட்ட படத்தை அவரிடம் எப்படிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே பார்த்துச் செய்.

முகத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள் என்று ஜூன் மாதம் உனக்கு எழுதினேன். அது விற்பவனுக்கான பாடம் என்று நினைத்து எழுதினேன். இப்போது கண்ணை மூடினால் அந்தக் கடிதத்தில் இருமலை மட்டும் கேட்ட கடைசி வரிதான் வருகிறது.

கோகுல்


விருத்தாசலம்,
4.1.2009

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்து சேர்ந்தது. ரெண்டு நாள் அலமாரியிலேயே வைத்திருந்தேன். பாஞ்சாலை மேலே எவனோ முத்திரை குத்தியது போல அந்த எழுத்து. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நாக்கைக் கடித்துக்கொண்டு அவள் அப்படியே இருக்கிறாள். மறைத்து வைக்க நான் யார் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

தர்மராஜ் அண்ணன் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தா, நாக்கு" என்று சிரித்தார். அவர் சிரித்து நாலு மாதம் இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்புறம் விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து ஓட்டினார். "இது என்னா பானும்மா, எழுத்து? முன்ன இல்லியே."

வழி நெடுக இதற்கு ஒரு பதில் யோசித்துக்கொண்டுதான் போனேன். வேறு கம்பெனிப் பெயர், அவர்களிடமிருந்துதான் கிடைத்தது என்று உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"அவ பேருதாண்ணே. பாஞ்சாலைன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்குது" என்றேன்.

"இம்மாம் நீளமா வருமா அவ பேரு?"

"இங்கிலீஷ்ல எழுதுனா அப்படித்தாண்ணே வரும்."

"பேரு போட்டுட்டாங்களா. நல்லதாப் போச்சு" என்றார். எழுத்தை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். அவள் பெயரில் பொய் எழுதினாய் என்று உன்னை எத்தனை பேசியிருப்பேன்! அவளைப் பற்றின பெரிய பொய்யை நான்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதை அவர் காலத்துக்கும் சுவரில் மாட்டி வைத்திருக்கப் போகிறார். வாக்காளர் அட்டைப் படத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில்தான் மாட்டினார். நான் கொண்டுபோன பூச்சரத்தைப் போடப் போனால் தடுத்துவிட்டார். வேலை செய்துகொண்டிருக்கிறவளுக்கு எதற்கு மாலை என்கிறார்.

ஷெட்டைப் பற்றிப் போனில் கேட்டிருந்தாய். ஒரு மொத்த வியாபாரி சரக்கு கேட்டிருக்கிறார். அடியில் நீலப் புள்ளி வைக்கக் கூடாதாம். அவர் பெயரை ஒட்டிக்கொள்வாராம். சரி என்று சொல்லிவிட்டேன். பூவாயியும் மற்றவர்களும் சாப்பிடவேண்டுமே. எல்லோரும் இப்போது மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். கட்டாதவர்களை நான் உள்ளே விடுவதில்லை.

வேலை கிடைக்கிற வரைக்கும் சென்னையில் தனியாகக் கிடக்காதே. பொங்கலுக்கு வா. வந்தால் தர்மராஜ் அண்ணன் உன்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் படத்தைக் காட்டுவார். நீ கம்ப்யூட்டர் படித்தவன். என்ன எழுதியிருக்கிறது என்று உன்னிடம் ஒரு தடவை கேட்டுப் பார்ப்பார். நான் படித்தபடியே நீயும் படித்துச் சொல்லிவிடு.

அக்கா,
பானுமதி